ஆய்வு நடக்கும் இடத்துக்கு ஒருமுறை வாருங்கள்: மருத்துவ நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுமதி அளித்த ஓர் ஆய்வு இன்று ஏதோ ஒரு வார்டில் நடந்துகொண்டிருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் நோயாளிகளில் ஒருவரிடமாவது நீங்கள் நேரில் பேசியிருக்கிறீர்களா? ஏன் சேர்ந்தீர்கள், உங்களுக்கு என்ன சொன்னார்கள், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்பது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் இந்த மடலை நீங்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. உங்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். கேட்டதில்லை என்றால் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் சிறியதல்ல. 2019 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, உங்கள் குழு ஒப்புதல் தராமல் இந்தியாவில் எந்த மருந்தையும் எந்த மனிதரிடமும் சோதித்துப் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிய பன்னாட்டு நிறுவனமாக இருந்தாலும், எவ்வளவு புகழ்பெற்ற பேராசிரியராக இருந்தாலும் உங்கள் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உங்களால் முடியும்.

அதே விதிகள் இன்னொரு பொறுப்பையும் உங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஒப்புதல் தந்த ஆய்வை உரிய இடைவெளிகளில் நீங்கள் தொடர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதற்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன: ஆய்வாளர் அனுப்பும் முன்னேற்ற அறிக்கையைப் படிக்கலாம், ஆய்வுக்குப் பணம் போடும் நிறுவனம் தரும் கண்காணிப்பு, தணிக்கை அறிக்கைகளைப் படிக்கலாம், ஆய்வு நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். முதல் இரண்டிலும் நீங்கள் படிப்பது யார் எழுதியதை என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வை நடத்துகிறவர் எழுதியது ஒன்று. அந்த மருந்தை விற்கப் போகிறவர் எழுதியது இன்னொன்று. மருந்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறவர் பேசுவதற்கு இடமிருப்பது மூன்றாவது வழியில் மட்டும்தான். பல குழுக்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. என் வருத்தமும் அதுதான்.

காகிதத்தில் தெரியாதது நேரில் போனால் எப்படித் தெரியவரும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இரு மாநில அரசுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டம் அது. ஏறத்தாழ 24,000 சிறுமிகள் அதில் இருந்தார்கள். குழுக்களின் அனுமதி இருந்தது, படிவங்கள் இருந்தன, கையெழுத்துகளும் இருந்தன. 2010 மார்ச்சில் பெண்கள் நல அமைப்பைச் சேர்ந்த சிலர் பத்ராசலத்துக்குப் போய், விடுதிகளில் தங்கிப் படிக்கும் பழங்குடிச் சிறுமிகளிடமும் பெற்றோரிடமும் பேசினார்கள். பல பெற்றோருக்குத் தங்கள் மகள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அடுத்த மாதமே திட்டம் நிறுத்தப்பட்டது.

நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் தந்த அறிக்கையில் உள்ள கணக்கைப் பாருங்கள். ஆந்திராவில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1,948 படிவங்களில் இருந்தது கைநாட்டு. அந்தத் திட்டத்தில் இருந்த சிறுமிகளில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான், உலகெங்கும் பெண்களைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் ஒரு நல்ல மருந்தை, பெற்றோருக்குத் தெரியாமல், விடுதிக் காப்பாளரின் கையெழுத்தில் ஒரு பழங்குடிச் சிறுமிக்குப் போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கப் புலனாய்வு எதுவும் தேவைப்படவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பேசினாலே போதுமானதாக இருந்தது. அப்படிப் போனவர்கள் அனுமதி கொடுத்த குழுவினர் அல்லர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கான ஒரு புதிய மருந்தின் ஆய்வில் அவர் சேர்க்கப்பட்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அங்கிருந்த செவிலியர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். "புது மருந்து வந்திருக்கிறது அம்மா, எல்லாம் இலவசம், வந்துபோகும் செலவும் கொடுத்துவிடுவோம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதாக அம்மா வீட்டில் வந்து சொன்னார். கையில் தடித்த ஒரு படிவம் இருந்தது. தமிழில்தான் இருந்தது, ஆனால் பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள எனக்கே இரண்டாம் பக்கத்தில் மூச்சு முட்டியது. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல நோயாளிகளை இரண்டாகப் பிரிப்பார்கள், ஒரு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கலாம் என்பது ஒன்பதாவது பக்கத்தின் நடுவில் ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் கிடந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. கையெழுத்துப் போட்டு வாரங்கள் ஆகியிருந்தன. தனக்கு மருத்துவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் சிகிச்சை என்றே நினைத்து அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வு முடிந்தபோது மாத்திரை நின்றது. தனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்று அம்மா கேட்டார். கம்பெனி சொன்னால்தான் தெரியும் என்றார்கள். இன்றுவரை யாரும் சொல்லவில்லை. 2009 ஜூன் 15 முதல் எல்லா மருந்து ஆய்வுகளையும் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது விதி என்பதால், இணையத்தில் அந்த ஆய்வைத் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் குழுவைப் போன்ற ஒரு குழுவின் பெயர் இருந்தது, பக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. அந்தக் குழுவில் இருக்கும் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்திருப்பார்கள். இருந்தது. அம்மாவுக்குப் புரிந்ததா என்று பார்க்க அவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

இங்கே இன்னொன்றையும் கேட்கிறேன். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மருந்து ஆய்வுகளில் ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவிட்டது. இப்போதைய விதிகளின்படி, முற்றிலும் புதிய மூலக்கூறாக இருக்கும் மருந்துகளின் ஆய்வில் நலிந்த நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கும்போது, அவர்களிடம் விளக்கம் சொல்வதையும் அவர்கள் அதைப் புரிந்துகொண்டதையும் படம்பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகள் எங்கோ ஒரு கணினியில், எங்கோ ஓர் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை யார் பார்க்கிறார்கள்? ஆய்வை நடத்துகிறவர்களின் கண்காணிப்பாளர், கோப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒரு குறி போடுவார். நீங்கள் பார்க்கலாமே? ஓர் ஆய்வுக்கு ஒரு பதிவு போதும். அதில் இருக்கும் முகத்தைப் பாருங்கள். கேள்வி கேட்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், அவர் ஏதாவது கேட்டாரா, அல்லது தலையை மட்டும் ஆட்டினாரா, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். நூறு பக்க ஆய்வுத் திட்டம் சொல்லாததை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடும்.

குழுவில் பொது உறுப்பினராக, அதாவது மருத்துவம் படிக்காத சாதாரணக் குடிமகனாக அமர்ந்திருப்பவரே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், வங்கி ஊழியராக இருக்கலாம், சமூகப் பணியில் இருப்பவராக இருக்கலாம். சுற்றிலும் பேராசிரியர்கள் அமர்ந்து மருந்தியல் பேசும்போது வாய் திறக்கத் தயக்கமாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் உங்களை அலங்காரத்துக்காக உட்காரவைக்கவில்லை. குறைந்தது ஏழு பேர் கொண்ட குழுவில் பாதிப்பேராவது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும், தலைவரும் வெளியாளாக இருக்கவேண்டும் என்பது விதி. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஐந்து பேரில் நீங்களும் ஒருவர். வழக்கறிஞர் இருந்து, மருத்துவர் இருந்து, மருந்தியல் வல்லுநர் இருந்து, நீங்கள் மட்டும் வராவிட்டால் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க முடியாது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பது என் அம்மாவுக்காக. படிவத்தில் உங்களுக்குப் புரியாத வரி அவருக்கும் புரியாது. "எனக்குப் புரியவில்லை, மாற்றி எழுதுங்கள்" என்று நீங்கள் சொல்லும்வரை அந்தப் படிவம் நிறைவேறக் கூடாது. வார்டுக்குப் போக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான். வெள்ளைக் கோட்டு இல்லாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நோயாளி பேசுவார்.

பாதிப்பு நேரும்போது உங்கள் பொறுப்பு இன்னும் கனக்கிறது. ஆய்வில் இருப்பவருக்குத் தீவிரமான பாதிப்போ மரணமோ நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் விரிவான அறிக்கை வரவேண்டும். 30 நாட்களுக்குள் உங்கள் கருத்து மத்திய மருந்து உரிம அதிகாரியிடம் போய்ச் சேரவேண்டும். மரணத்துக்கு ஆய்வு காரணமா, ஆம் என்றால் இழப்பீடு எவ்வளவு என்பதில் உங்கள் கருத்துக்கு எடை உண்டு. இழப்பீட்டுச் சூத்திரத்தில் அடிப்படைத் தொகை எட்டு லட்சம் ரூபாய். அதை வயதும், ஆய்வில் சேரும்போது நோயாளி எந்த அளவு ஆபத்தில் இருந்தார் என்பதைக் காட்டும் எண்ணும் பெருக்குகின்றன. அந்த எண் 0.5 முதல் 4 வரை போகும். 65 வயதைக் கடந்த ஒருவர் இறந்தால், ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று கருதப்பட்டவராக இருந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். ஆரோக்கியமானவராகச் சேர்ந்தவர் என்றால் முப்பத்திரண்டு லட்சம். இடையில் இருக்கும் தூரத்தை அளப்பது மருத்துவமனைக் கோப்புகளை வைத்துத்தான். அவர் நடந்து வந்து சேர்ந்தாரா, தூக்கிக்கொண்டு வந்தார்களா என்பதை மனைவியிடமோ மகனிடமோ கேட்டீர்களா? கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. முப்பது நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு இடம் உண்டு.

மருத்துவ ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். சென்னையிலிருந்து உலகுக்குப் போன ஒரு பெரிய ஆய்வைப் பற்றிப் பெருமைப்படுகிறவள். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளில், போதாத சாப்பாட்டோடு, மாத்திரைகளை வாங்கிச் சென்று சாப்பிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள் என்பது 1959-ல் வெளியானது. ஏழை நாடுகளில் காசநோய் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது.

அந்த ஆய்வு எப்படிச் சாத்தியமானது என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வருவது. ஆய்வுக்குழுவின் சுகாதாரப் பார்வையாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நோய் தொற்றுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருப்பதால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது அதனால்தான். அறிவியலுக்காகச் சென்னையின் சந்துகளில் ஏறி இறங்க அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த மனிதர்களின் உரிமைக்காக இன்றைக்கு ஏறி இறங்க ஆள் வேண்டாமா?

திண்டுக்கல் மாவட்டத்தின் கதை இன்னும் கடினமான கேள்வியைக் கேட்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ஓர் ஆய்வுக்காக அங்கே பகுதிகளை 114 தொகுப்புகளாகப் பிரித்தார்கள். 57 தொகுப்புகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். மற்ற 57 தொகுப்புகளின் பெண்களுக்கு வழக்கமாக அங்கே கிடைக்கும் மருத்துவம் மட்டும். பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் பெண்களின் உயிரைக் காக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்கள் திண்டுக்கல் பெண்கள். பின்னர் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் தொடங்கி இந்தப் பரிசோதனையை மாநிலமெங்கும் கொண்டுபோனது.

ஆனால் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற விவாதம் இன்னும் அடங்கவில்லை. இந்தியாவில் அப்போது ஒழுங்கான பரிசோதனைத் திட்டமே இல்லை, எனவே யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஒரு தரப்பு. பலன் தரக்கூடிய சோதனைகள் உலகில் ஏற்கெனவே இருந்தன என்பது மறுதரப்பு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவள். இல்லாமையே வழக்கமாகிப்போன இடத்தில், வழக்கமான மருத்துவம் என்ற சொற்றொடர் காகிதத்தில் சரியாக இருக்கும். அந்தக் கிராமத்துக்குப் போய், ரத்தப்போக்கோடு வெளியே சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் அதைச் சொல்லிப் பாருங்கள். முடிவெடுப்பதற்கு முன்னால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அனுமதியோடு சில நிபந்தனைகளையாவது குழு சேர்த்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் முழுநேரமாக இந்தப் பணியில் இல்லை. அமர்வுக்குக் கிடைக்கும் தொகை சொற்பம். ஒரு கூட்டத்தில் படித்து முடிக்க வேண்டிய கோப்புகள் கட்டுக்கட்டாக இருக்கும், முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் வேறு வந்து குவியும். கேள்வி கேட்டால் ஆராய்ச்சிக்குத் தடை போடுகிறார் என்ற பேர் வரும். ஆய்வாளர் அதே கல்லூரியின் துறைத் தலைவராக இருந்தால், அவருடைய வார்டுக்குள் நுழைந்து பார்ப்பது அவரைச் சந்தேகிப்பதாகத் தோன்றும். தோன்றட்டும். வங்கிக் கிளைக்குத் தணிக்கையாளர் வருவதை எந்த மேலாளரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. சொந்தக் குழு இல்லாத மருத்துவமனை வேறொரு குழுவிடம் அனுமதி கேட்டால், அந்தக் குழு அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

எல்லா ஆய்வுகளையும் பார்க்கச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று. குழந்தைகளோ, கைநாட்டு வைப்பவர்களோ, பணத்துக்காகச் சேரும் ஆரோக்கியமான தன்னார்வலர்களோ இருக்கும் ஆய்வுகளிலிருந்து தொடங்குங்கள். இரண்டு உறுப்பினர்கள் போனால் போதும். ஒருவர் பொது உறுப்பினர், இயன்றால் ஒருவர் பெண். ஆய்வு நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒருங்கிணைப்பாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பேச விருப்பமுள்ள மூன்று நான்கு பேரிடம் தமிழில் பேசுங்கள். விலகினால் சிகிச்சை நின்றுவிடும் என்று பயப்படுகிறாரா, படிவத்தின் நகல் அவர் வீட்டில் இருக்கிறதா, இரவில் மூச்சுத் திணறினால் எந்த எண்ணை அழைப்பார் என்று கேளுங்கள். அந்த எண்ணை அங்கேயே அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று. கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த கூட்டத்தின் குறிப்பில் சேருங்கள். ஆய்வு முடிந்ததும் யாருக்கு எது கொடுக்கப்பட்டது, மருந்து பலன் தந்ததா என்பதை எளிய தமிழில் ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்பவேண்டும் என்பதை, அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாகப் போடுங்கள். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் தயாராகும்போது, நேரடி வருகை என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி உங்கள் உறுப்பினர்-செயலரிடம் கேளுங்கள். எந்த ஆய்வு, யார் போவது, எந்த வாரம் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் குழு போய்வந்தது என்றால், அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதை நோயாளியின் பெயரில்லாமல் பொதுவில் எழுதுங்கள். மற்ற குழுக்களும் படிக்கும், நாங்களும் படிப்போம்.

நன்றியுடன்,
மருந்து ஆய்வில் பங்கேற்ற ஒருவரின் மகள்